குளவிக்குப் பூ நடுகிறவன்

1

முதலில் சத்தம்தான் வந்தது. பனி உருகிப் பத்து நாள்கூட ஆகவில்லை. மண் கறுத்து, ஊறி, எதையும் முளைக்கவிடாத பிடிவாதத்தோடு கிடந்தது. புல்வெளிக் கிரோக்கஸ் ஒன்று மட்டும் மயிர் மூடிய தண்டில் ஊதாப் பூவோடு நின்றது. அந்த ஒற்றைப் பூவைத் தேடி ஒற்றை ராணி வந்தது. பம்பிள் தேனீ. குண்டு உடம்பு, மஞ்சள் கம்பளி. தூரத்து ஏற்றத்தில் மூச்சு வாங்கும் லொறியின் சத்தம் அதற்கு. கேட்டதும் என் தோள் இரண்டும் காதுவரை ஏறின. கழுத்து உள்ளே போனது. பதினான்கு வசந்தங்களாக இப்படித்தான். நான் இங்கே செய்யும் வேலையே அதைக் கூப்பிடுவது என்பதை நினைத்தால் எனக்கே சிரிப்பு வரும். சிரிப்பு வந்த பிறகும் தோள் இறங்காது.

இலங்கை மலைநாட்டில், பதுளையிலிருந்து இதைப் படிக்கிறவர்களுக்கு இந்த நிலத்தை எப்படிக் காட்டுவது? மலையை எடுத்துவிடுங்கள். அப்புத்தளையில் ரோட்டோரம் நின்று கீழே பார்த்தால் பள்ளம் விரிந்து கிடக்குமே, அதன் அடியில் நிற்கிறீர்கள்; ஏறித் திரும்ப மலை இல்லை. கனடாவின் மனிட்டோபா. ஒரு காலத்தில் இங்கே ஆள் உயரப் புல்லும் பூவுமாக இருந்ததாம். உழுது கோதுமை போட்டார்கள். பூ போனது, பூவை நம்பிய தேனீயும் வண்ணத்துப்பூச்சியும் போயின. இப்போது துண்டு துண்டாக அதைத் திரும்ப நடுகிறார்கள். எங்கள் சிறிய ஊரின் நகரசபைக்காக, கைவிட்ட ரயில் பாதையோரம் அப்படி ஒரு துண்டை நடுகிறவன் நான். வீட்டுப் பின்புறத்திலும் ஒன்று வைத்திருக்கிறேன்.

இலையுதிர் காலத்தில் விதை பொறுக்குவோம். ஈரமணலில் பிசைந்து குளிர்பெட்டியில் வைப்போம், குளிர் தின்னாத விதை முளைக்காது. முதல் வருடம் நட்டது எதுவும் கண்ணுக்குத் தெரியாது. வேர் கீழே போகும், மேலே களைதான் நிற்கும், பார்க்கிறவன் ஏசுவான். மூன்றாம் வருடம் பூ. அப்புறம் சில வருடத்துக்கு ஒருமுறை, வசந்தத்தில், அனுமதி வாங்கி நாங்களே தீ வைக்க வேண்டும். முழுவதையும் அல்ல, ஒரு பங்கை மட்டும். மிச்சத்தில் பூச்சிகள் உறங்கும். வெலிமடைப் பக்கத்துப் பத்தனைப் புல்லில் தீ ஏறுவதைச் சின்ன வயதில் பார்த்தவனுக்கு, கையில் கொள்ளியோடு நிற்பதும் பயம்தான். ஆனால் தீயை எனக்குத் தெரியும், எந்தப் பக்கம் காற்று என்று பார்க்கலாம். அந்தச் சத்தத்துக்குத்தான் பக்கம் இல்லை.

2

இந்த வருடம் அக்கா வந்தாள்.

லுணுகலையிலிருந்து மேலே ஏறும் தோட்டத்தில் இன்னும் கொழுந்து பறிக்கிறாள், ஐம்பத்தேழு வயதில். அம்மா சீக்கிரம் போய்விட்டதால் என்னை வளர்த்தவள் அவள்தான். மூன்று முறை விசா மறுத்தார்கள். பிறப்புச் சான்றில் அவள் பெயர் ஒரு விதம், அடையாள அட்டையில் வேறு விதம், தோட்டத்துப் பதிவில் மூன்றாவது விதம். பழுப்பு உறை ஒன்று தபாலில் வந்தால் இன்றைக்கும் நான் உடனே பிரிப்பதில்லை. குடியுரிமைக் காகிதத்தில் பெயர் இல்லாததால் ஒரு தலைமுறையே ஆடிப்போன வீடுகளில் பிறந்தவர்களுக்கு அது ஏன் என்று தெரியும்.

அவள் கணவர், என் அத்தான், இறந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். மரணச் சான்றை மொழிபெயர்க்க டொரொண்டோவில் ஒருவரிடம் அனுப்பினேன். அவர் போனில் கூப்பிட்டார்.

"அண்ணை, குளவி கொட்டினது எண்டு கிடக்கு. குளவியோ, தேனீயோ? இங்கிலீசில ரெண்டும் வேற வேற சொல்லெல்லோ."

"மலையில கூட்டமா வந்து கொட்டுற எல்லாமே எங்களுக்குக் குளவிதாங்க."

"அப்ப எதைப் போட?"

"எதையாவது போடுங்க. ஆள் செத்தது உண்மை."

போனை மேசையில் கவிழ்த்து வைத்தேன். அவர் இன்னும் ஒரு கேள்வி கேட்டிருந்தால், 'பக்கத்தில் யார் இருந்தது' என்று கேட்டிருந்தால், நான் என்ன சொல்லியிருப்பேன்?

3

இதை எழுதிவிடுகிறேன். இருபத்தெட்டு வருடமாக யாரிடமும் சொல்லாததைச் சொல்லாமல் பூவைப் பற்றி எழுதிக்கொண்டிருக்க என்னால் முடியவில்லை.

எனக்குப் பத்தொன்பது. பரீட்சை எழுதிவிட்டு தோட்டத்து லயத்து வீட்டில் சும்மா இருந்தேன். அத்தானுக்குக் கவ்வாத்து வேலை. தேயிலைச் செடியைக் கத்தியால் அரைவாசிக்கு வெட்டி இறக்குவது. அன்றைக்கு அவருக்குப் பிரித்துக் கொடுத்த செடி வரிசை, மலையின் மேல் மூலையில், மற்ற ஆட்களைவிட்டுத் தள்ளி விழுந்திருந்தது. சீக்கிரம் முடிக்கலாம் என்று நானும் கை கொடுக்கப் போனேன். காலையில் வேலைக்கு ஆள் எடுக்கும் பெரட்டில் என் பெயரைக் கொடுக்கவில்லை. செக்ரோல் என்ற கூலிப் பதிவேட்டில் நான் இல்லை. அக்கா அதற்கு முன்பே கொழுந்துக்குப் போய்விட்டாள், அவளுக்கும் தெரியாது.

சவுக்கு மரத்தில் கூடு இருந்தது. பருந்து உரசியதோ, காற்றோ. சத்தம் முதலில் வந்தது, பிறகு நிழல். அத்தான் "படுடா! தம்பி, படு!" என்று கத்திக்கொண்டே இடுப்பில் கட்டியிருந்த படங்குச் சாக்கை இழுத்துத் தலைக்குமேல் போட்டுக் கவ்வாத்துச் செடிக்குள் விழுந்தார். எங்கள் மலைகளில் குழந்தைக்கும் தெரிந்த விதி அது. படுத்துக் கிட, மூடிக்கொள், ஓடாதே.

நான் ஓடினேன்.

"ஓடாத! ஓடாத!" என்று குரல் பின்னால் வந்தது. குரல் நின்ற இடத்தில் நிற்கவில்லை, கிட்டே வந்தது. அப்படியென்றால் அவர் எழுந்துவிட்டார். சாக்கை என்மேல் போட எழுந்து வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஒரு கட்டத்தில் குரல் இல்லை.

ஓடையில் இறங்கி, ரோட்டுக்கு அடியில் தண்ணீர் ஓடும் போக்குக்குள் மார்பளவு நீரில் கிடந்தேன். சத்தம் ஓய்ந்ததும் குறுக்குப் பாதையில் லுணுகலைக்கு நடந்தேன். கடைத்தெருவில் உடுப்புக் காயும்வரை நின்றேன். மாலை பஸ்ஸில் திரும்பி, டவுனுக்கு விண்ணப்பம் போடப் போயிருந்தேன் என்றேன். அதற்குள் அத்தானைத் துணியால் மூடியிருந்தார்கள். என் கழுத்தில் மூன்று கொட்டு, துண்டைச் சுற்றிக்கொண்டேன். சாவு வீட்டில் யாரும் அடுத்தவன் கழுத்தைப் பார்ப்பதில்லை.

4

அக்கா வந்த மறுநாள் காலையில் பின்புறம் போய் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றாள். மூன்றாம் வருடப் பாத்தி. இடுப்பளவுக்குப் புல்லும் மொட்டுமாக நின்றது.

"என்னாடா இது, இப்புடிக் காடேறிக் கெடக்கு?"

"நட்டதுக்கா."

"புல்லையா?"

"புல்லு, பூ, எல்லாம்."

"நாங்க காலம் பூராவும் புல்லு வெட்டியே கூன் விழுந்து போனோம். நீ பிளேன் ஏறி வந்து புல்லு நடுறியா? யாருடா உனக்குக் கங்காணி?"

என் மகள் மீரா விழுந்து விழுந்து சிரித்தாள். பதினாறு வயது. தமிழ் கேட்டால் பாதி புரியும், பேசினால் கால்வாசி. வீட்டில் நான் தமிழில் கேட்பேன், அவள் ஆங்கிலத்தில் பதில் சொல்வாள். இருவரும் ஒரே வீட்டின் இரண்டு அறைகளிலிருந்து பேசுவது போல. அத்தையோடு மட்டும் எப்படியோ சமாளித்தாள்.

அக்காவின் கை சும்மா இருக்காது. காட்டு பெர்கமொட் செடியின் நுனிகளை இரண்டு இலையும் மொட்டுமாகக் கிள்ளிச் சேலை முந்தானையில் போட்டாள். வாசம் பிடித்ததாம். வெந்நீரில் போட்டுக் குடித்து, "தைலம் மாதிரி இருக்கு. சளிக்கு நல்லது, தேத்தண்ணிக்கு ஆகாது" என்றாள். ஜூலையில் மொட்டெல்லாம் விரிந்தபோது அந்தப் பேச்சு நின்றது. ஊதா, மஞ்சள், வெள்ளை. அவற்றின்மேல் ஆயிரம் இறக்கைகள். அக்கா கதவைத் தாண்டி வருவதை நிறுத்திவிட்டாள். சமையலறை ஜன்னலை வெயிலிலும் சாத்தி வைத்தாள்.

"இதுக எதுக்குடா வருது இவ்வளவு?"

"பூவுக்குக்கா. வரணும்னுதான் நட்டிருக்கு."

அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டியிருந்தால் தேவலை.

"நீயா?" என்றாள். "நீயா நட்ட?"

பயந்தவன் எதற்கு இந்த வேலைக்கு வந்தான் என்று அவள் கேட்கவில்லை. கனடா வந்ததும் சேர்ந்த பன்றி இறைச்சி ஆலையை விட்டு வெளியே வர அன்றைக்கு இந்த ஒரு வேலைதான் இருந்தது. அதற்கப்புறம், சில நாட்களில், ஒவ்வொரு பூவும் அத்தானுக்குக் கட்டுகிற வட்டிபோலத் தோன்றும். சில நாட்களில் எதுவும் தோன்றாது. வியர்வை மட்டும்.

அந்த வாரம்தான் மீரா கூட்டைக் கண்டுபிடித்தாள். பாத்தியின் நடுவில், எலி விட்டுப்போன பழைய வளை. அதற்குள் பம்பிள் தேனீக்கள் போய் வந்தன. இந்தப் பக்கம் அருகிவிட்ட ஒரு வகையாம் அது. மண்டியிட்டு உட்கார்ந்து எண்ணினாள், படம் எடுத்தாள், எங்கோ பதிவுசெய்தாள். வலை இல்லை, கையுறை இல்லை. சமையலறை ஜன்னலின் கண்ணாடிக்குப் பின்னால் நானும் அக்காவும் பக்கத்தில் பக்கத்தில் நின்று அவளைப் பார்த்துக்கொண்டிருந்தோம். இருவரின் மூச்சும் கண்ணாடியில் படிந்தது.

5

மூன்று வாரம் மழை இல்லை. ஒரு வெள்ளிக்கிழமை மாலை ஆறு மணி, வெயில் இன்னும் உச்சியில் இருப்பதுபோல அடித்தது. மனைவி முதியோர் இல்லத்து வேலைக்குப் போயிருந்தாள். நான் வேலை முடிந்து வண்டியை நிறுத்தும்போதே புகை வாசம்.

பின்புறத்துக்குப் போகும் பக்கவாட்டு வேலிக் கதவைத் திறந்தேன்.

அக்கா பந்தம் கட்டியிருந்தாள். புல்வாரியின் கழியில் பழந்துணி சுற்றி, புல்வெட்டும் இயந்திரத்துப் பெட்ரோலில் நனைத்து, பற்றவைத்து, வளையின் வாயில் செருகியிருந்தாள். எங்கள் தோட்டத்தில் ஆம்பளைகள் கூடு அழிக்கும் முறை. போன வருடத்துக் காய்ந்த தண்டுகள் பற்றிக்கொண்டன. லொறி அளவுக்குத் தீ. அதைச் சுற்றி, கூடு இழந்தவை. மீரா ரப்பர் குழாயோடு ஓடி வந்துகொண்டிருந்தாள். அக்கா அவளுக்கு முன்னால் முந்தானையை விரித்துப் பிடித்து, "உள்ள போ புள்ள! உள்ள போ!" என்று கத்தினாள்.

சத்தம் என்னை வந்து தொட்டது.

நான் கதவைச் சாத்தினேன்.

அவர்கள் உள்ளே. நான் வெளியே. தாழ்ப்பாளைப் போட்டது என் கைதான், அதன் குளிர்ச்சி எனக்கு நினைவிருக்கிறது. எத்தனை விநாடி? ஐந்து இருக்கும். பத்தும் இருக்கலாம். பலகை இடுக்கு வழியாக அக்காவின் கண் தெரிந்தது, அவள் தீயைப் பார்க்கவில்லை, கதவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு என் கை தாழ்ப்பாளை எடுத்தது. உள்ளே போனேன். குழாயை வாங்கினேன், காற்றுக்கு முதுகு கொடுத்து நின்று ஓரத்திலிருந்து நனைத்தேன். தீயை எனக்குத் தெரியும் என்று சொன்னேனே. சிறிது நேரத்தில் அணைந்துவிட்டது.

மீராவுக்கு இரண்டு கொட்டு, மணிக்கட்டில். அக்காவுக்கு ஒன்று. எனக்கு எதுவும் இல்லை.

6

சமையலறையில் மணிக்கட்டில் ஐஸ் வைத்துக்கொண்டு மீரா அழுதாள், வலிக்காக அல்ல. ஆங்கிலத்தில் கொட்டினாள். அவை யாருக்கும் ஒன்றும் செய்யவில்லை, இந்த ஊரிலேயே இருந்த ஒரே கூடு, இது என்ன காட்டுத்தனம் என்றாள். அக்காவுக்கு ஒரு சொல்லும் தெரியாது. ஆனால் ஏச்சுக்கு மொழி வேண்டாம்.

"என்னா சொல்லுறா?"

"கோவமா இருக்காக்கா."

"அது தெரியுது. நான் சொல்லுறத அவளுக்குச் சொல்லு."

அப்படித்தான் நான் நடுவில் உட்கார்ந்தேன். அக்கா ஒரு வாக்கியம் சொல்வாள், நான் அதை ஆங்கிலத்தில் மகளிடம் தருவேன். உங்க மாமாவுக்கு முப்பத்தொரு வயசு. தந்தேன். கவ்வாத்துக்குப் போனவரு. தந்தேன். மொகம் அடையாளம் தெரியல, வெத்தல போட்ட பல்ல வச்சுத்தான் நான் அவருன்னு சொன்னேன். அதையும் தந்தேன். அடுத்த வாக்கியம் எது என்று தெரியாமல் ஒவ்வொன்றுக்கும் காத்திருந்தேன். கவ்வாத்து மலையில் நிற்பதுபோலத்தான் இருந்தது.

"கூட யாரும் இருந்தாங்களான்னு கேக்குறா" என்றேன். மீரா அதைத்தான் கேட்டிருந்தாள்.

அக்கா ஐஸ் துணியை எடுத்து மீராவின் மணிக்கட்டில் திருப்பி வைத்தாள். அவசரமே இல்லை அவளுக்கு.

"யாரும் இல்ல புள்ள. தனியாத்தான் இருந்தாரு. உங்க அப்பன் அன்னைக்கு டவுனுக்குப் போயிருந்தான்."

அதையும் நான்தான் மொழிபெயர்க்க வேண்டும். அதுவரை தமிழில் மட்டும் இருந்த பொய். ஆங்கிலத்தில் அது எவ்வளவு சின்னதாக இருந்தது! நாலே சொல். மீரா எழுந்து வந்து என் தோளில் தலை வைத்தாள்.

"நல்லவேளை நீங்க அங்க இல்லப்பா" என்றாள், அவளுடைய மொழியில்.

பிறகு அத்தையிடம் போய், "சாரி அத்த. தெரியாது" என்றாள், எங்கள் மொழியில். அக்கா அவள் தலையைத் தடவினாள். கதவைப் பற்றி ஒருவரும் பேசவில்லை. மகள் பார்த்தாளா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. சாப்பாட்டு மேசையில் உப்பைக் கேட்க அவள் தலை நிமிர்த்தினாலும் அதைத்தான் கேட்கப்போகிறாள் என்று நினைக்கிறேன்.

7

கருகிய இடத்தில் பத்தே நாளில் பச்சை வந்தது. ஆழத்தில் வேர் இருந்தது, அதற்கு ஒன்றும் ஆகவில்லை. தேனீ வரவில்லை. நானும் மீராவும் கூட்டின் இடத்தில் மண்ணைக் கிளறாமல் விட்டோம். அடுத்த வசந்தத்தில் ஏதாவது ஒரு ராணி இடம் தேடும் என்கிறாள் அவள்.

ஓகஸ்ட் கடைசியில் அக்காவை விமான நிலையத்துக்கு அழைத்துப்போனேன். மீராவுக்குப் பள்ளிக்கூடத்துப் பயிற்சி, வாசலிலேயே கட்டிப்பிடித்து அனுப்பிவிட்டாள். மொழி தெரியாதவளை யாராவது கூட்டிப்போகட்டும் என்று சக்கர நாற்காலிக்குச் சொல்லியிருந்தேன்.

"கால் ரெண்டும் நல்லாத்தானடா இருக்கு. மலை ஏறுற கால்" என்று முணுமுணுத்துக்கொண்டே உட்கார்ந்தாள். கைப்பையை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள். பாஸ்போர்ட்டைப் பார்க்கும் ஒவ்வொரு சீருடைக்கும் இருவருமே ஒருமுறை மூச்சைப் பிடித்தோம்.

"இன்னும் ஆறு மாசம் நீடிக்கச் சொல்லி எழுதலாங்கா. இருந்துட்டுப் போ."

"எதுக்கு? இங்கயும் அதுதானே பறக்குது."

"அங்க கூடு எங்க இருக்கு இப்ப?"

"பிள்ளைக் காம்பராவுக்குப் போற ரோட்டுல. பெரிய மரத்துல ரெண்டு. சொல்லியிருக்கு தொரைகிட்ட. ஆள் அனுப்புறேன்னாரு." புடவைத் தலைப்பை இழுத்துச் சொருகினாள். "அனுப்புவாரு."

சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தோட்டத்துக் குழந்தைகளை விடும் காம்பராவுக்குப் போகும் அந்த வழியில், அந்த மரத்தின் அடியில் அவள் காலையும் மாலையும் நடப்பாள். நான் இங்கே, தோள் காதுக்கு ஏற, பழுப்பு உறைக்கும் நேரம் தப்பிய போனுக்கும் காத்திருப்பேன். அவளை அங்கே அனுப்புகிறவன் நான். நிறுத்தத் தெரியாதவனும் நான்.

நாற்காலி தள்ள வந்த பையன் கையைக் காட்டினான், நேரமாகிவிட்டது. அவள் என்னைக் குனியச் சொன்னாள். நெற்றியில் திருநீறு வைக்கப்போகிறாள் என்று நினைத்துக் குனிந்தேன். அவள் என் சட்டைக் காலரைத் தொட்டுச் சரிசெய்தாள். பிறகு, பக்கத்தில் நிற்பவனுக்குத் தமிழ் தெரிந்துவிடுமோ என்பதுபோல, மிக மெதுவாகச் சொன்னாள்.

"உங்க அத்தான் போன எட்டாம் நாளு துணியெல்லாம் அள்ளிப் போட்டுத் தொவச்சேன்ல. நீ டவுனுக்குப் போட்டுட்டுப் போனேன்னு சொன்ன சட்ட. காலருக்குள்ள ரெண்டு குளவி செத்துக் கெடந்துச்சு. எடுத்து அடுப்புல போட்டுட்டேன், ஒருத்தருக்கும் சொல்லல. போயிட்டு வாரேன் தம்பி. பயப்படாம இரு."